புது டிரெய்லர் கேரவன்: முதல் பயணம் ஏலகிரியா, பழவேற்காடா?

தேரடிக்காரன், திருவொற்றியூர்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாள் ஆசை ஒருவழியாகக் கைக்கு வந்திருக்கிறது. வண்டிக்குப் பின்னால் கோத்து இழுக்கிற டிரெய்லர் கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறேன். 14 அடி நீளம், ஒரே ஆக்சில், காலி எடை 780 கிலோ. பெரியவர் மூவர், பிள்ளைகள் இருவர் படுக்கலாம். சின்ன சமையல் மேடை, 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கழிவறை, ஒரு டன் ஏசி எல்லாம் உள்ளேயே இருக்கிறது. இழுப்பதற்கு டீசல் பிக்கப் இருக்கிறது. டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண், தனி இன்சூரன்ஸ் இரண்டும் முடிந்தாயிற்று.

பொங்கல் விடுமுறையில் அம்மா, மனைவி, பிள்ளைகளோடு ஏலகிரி போகலாம் என்று திட்டம். பட்டறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததோடு சரி, வேறெங்கும் இதை இழுத்துப் போனதில்லை. கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்? கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே ஓட்டுவதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணலி ஓட்டுநர்:

தம்பி, வாழ்த்துகள். நான் துறைமுகத்துக்கும் யார்டுக்கும் 40 அடி டிரெய்லர் ஓட்டிப் பிழைக்கிறவன். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. பின்னால் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு முதல் முறையே அங்கே ஏற வேண்டாம். ஏறிவிடலாம், இறங்கும்போதுதான் பிரேக் யார் கையில் இருக்கிறது என்று தெரியும்.

கன்டெய்னர் வண்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு டிரெய்லர் எப்படித் திரும்பும் என்று தெரியும், இடம் விடுவார்கள். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு நிற்கிற வரிசையும் உங்களுக்குத் தெற்கே போய்விடும், நீங்கள் வடக்கே போகிறவர். கவனிக்க வேண்டியது பைக்குகளைத்தான். இடதுபக்கம் திரும்புவதற்காக நீங்கள் கொஞ்சம் வலதில் ஒதுங்கினால், அந்தச் சந்துக்குள் ஒருத்தன் நுழைந்துவிடுவான். டிரெய்லரின் சக்கரம் உங்கள் வண்டிச் சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். திரும்பி முடிகிற வரைக்கும் இடதுபக்கக் கண்ணாடியில் அந்தச் சக்கரம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். வண்டியின் சொந்தக் கண்ணாடி அதற்குப் பத்தாது. நீட்டிப்புக் கண்ணாடி வாங்கி மாட்டுங்கள்.

ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கொஞ்சமாக ஒடியுங்கள், பொறுங்கள், பாருங்கள். குட்டை டிரெய்லர் எங்கள் வண்டியைவிடச் சீக்கிரம் மடங்கும். மடங்க ஆரம்பித்தால் போராடாதீர்கள், முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி பாருங்கள். தெரிந்தவர் யார்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பழகினாலே கை பேச ஆரம்பித்துவிடும்.

ராயபுரத்து மகள், மெல்பர்ன்:

அண்ணா சொன்ன திருப்பமும் ரிவர்ஸும் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எடை விஷயத்தில் கன்டெய்னர் வண்டியும் கேரவனும் வேறு வேறு சாதி. கன்டெய்னரில் டிரெய்லரின் முன்பக்கம் இழுக்கிற வண்டியின் பின் சக்கரங்களுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். பாரம் நேராக அச்சில் இறங்கிவிடும். கேரவனோ பின் சக்கரங்களைத் தாண்டி, பம்பருக்கு வெளியே நீட்டியிருக்கிற உருண்டையான இரும்புக் குண்டு ஒன்றில் தொங்குகிறது. கேரவனின் ஆக்சிலுக்குப் பின்னால் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் சீசா பலகையில் உட்கார்ந்தவர் மாதிரி அதன் முன்பக்கத்தைத் தூக்கும்.

அதனால் தம்பி, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டியில், அதாவது அந்தக் குண்டின்மேல் மாட்டுகிற டிரெய்லரின் முன்முனையில், எவ்வளவு எடை இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே ஆஸ்திரேலியாவில் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் என்பார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 வரை. ஐரோப்பாவில் வண்டிகளின் அளவுக்குத் தகுந்தபடி இன்னும் குறைவு. உங்கள் வண்டிக் கையேட்டில் அந்தக் குண்டு அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும், அதைத் தாண்டவே கூடாது. ரொம்பக் குறைந்தால் என்ன ஆகும்? ஒரு லாரி பக்கத்தில் கடந்து போகும், அந்தக் காற்றில் கேரவனின் பின்பக்கம் லேசாக ஆடும், ஆட்டம் அடுத்தடுத்துப் பெரிதாகும், கடைசியில் இழுக்கிற வண்டியையே திருப்பிப் போட்டுவிடும். ஆட ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். டிரெய்லர் பிரேக்குக்குத் தனி நெம்புகோல் இருந்தால் அதை மட்டும் மெல்ல இழுங்கள்.

உங்கள் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? பேட்டரி எங்கே? அதைச் சொல்லுங்கள்.

தேரடிக்காரன், திருவொற்றியூர்:

அக்கா, இப்போதுதான் குனிந்து பார்த்துவிட்டு வந்தேன். தண்ணீர்த் தொட்டி ஆக்சிலுக்குப் பின்னால். பேட்டரி அதற்கும் பின்னால், கடைசி மூலையில். ஏலகிரியை ஒத்திவைத்துவிட்டேன். பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு போகிற வழியில் என் கூடப்பிறந்த அக்காவின் மாமனாருடைய தோப்பு இருக்கிறது. சனி, ஞாயிறு அங்கே போய்வரலாம் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம்.

எர்ணாவூர் பட்டறை:

தோப்பு நல்ல முடிவு. ஏதாவது கழன்றாலும் 40 கிலோமீட்டர் சொச்சத்தில் வீடு.

எடை போடுவதற்கு நம் பக்கம் போல வசதி வேறெங்கும் கிடையாது. மணலியிலிருந்து மாதவரம் வரைக்கும் எடைமேடை நிறைய. சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய், டிரெய்லரை மட்டும் மேடையில் விட்டு மொத்த எடை எடுங்கள். அடிச்சட்டம் எவ்வளவு தாங்கும் என்று தகட்டில் போட்டிருப்பதோடு ஒப்பிட அது போதும். ஆனால் கொண்டி எடையை அங்கே பார்க்காதீர்கள். லாரிக்கான மேடை 5 கிலோ, 10 கிலோ என்று தாவும். உங்களுக்கு வேண்டியது 50க்கும் 100க்கும் நடுவில் ஒரு எண். வீட்டில் ஆள் நிற்கிற எடை இயந்திரம் போதும். சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, இயந்திரத்தின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, அதன்மேல் கொண்டியை இறக்குங்கள். வண்டியில் மாட்டியிருக்கும்போது எந்த உயரமோ அதே உயரம் இருக்க வேண்டும். தாழ்த்தினாலோ தூக்கினாலோ எண் மாறும்.

பேட்டரியை முன்பக்கம் கொண்டுவர வேண்டும் என்றால் பெரிய வேலை இல்லை. ஆங்கிள் பெட்டி ஒன்று அடித்து, புது ஒயரைத் தடிமனாகப் போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்துவிடலாம்.

பெரம்பூர் டெம்போ:

எல்லாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இந்த டிரெய்லர் கணக்கே புரியவில்லை. இதே பணத்துக்குப் பழைய டெம்போ டிராவலர் எடுத்து உள்ளே படுக்கை அடித்திருக்கலாம். தண்டையார்ப்பேட்டைச் சந்தில் இதை எப்படித் திருப்புவீர்கள்? அம்மாவுக்கு வழியில் கழிவறை போக வேண்டும் என்றால் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, பின்னால் போய்... எண்ணூர் சாலையில் ஓரம் எங்கே இருக்கிறது?

தேரடிக்காரன், திருவொற்றியூர்:

கோபம் எதற்கு அண்ணா, அம்மா விஷயம் நானும் யோசித்ததுதான். எனக்குப் பிக்கப் தினமும் தொழிலுக்கு வேண்டும். கேரவனாக மாற்றிய வண்டியில் கடைக்குச் சரக்கு எடுக்க முடியாது. இதைக் கழற்றி வைத்துவிட்டால் என் வண்டி என் வண்டியாகவே இருக்கும்.

ராயபுரத்து மகள், மெல்பர்ன்:

பெரம்பூர் அண்ணா சொன்னதில் ஒரு விஷயத்தை எல்லாரும் மனதில் வையுங்கள். ஓடும்போது டிரெய்லருக்குள் ஒருத்தர்கூட இருக்கக் கூடாது. பிள்ளை தூங்குகிறது, அங்கேயே இருக்கட்டும் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். சீட் பெல்ட் கிடையாது, உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பெரியவர்களோடு போகும்போது நிறுத்தும் இடங்களை முன்கூட்டியே குறித்து வைப்பதுதான் வழி. பெரிய பெட்ரோல் பங்க் நல்லது, ரிவர்ஸ் எடுக்காமல் ஒரு வழியாக நுழைந்து மறுவழியாக வெளியேறலாம்.

காசிமேடு ஃபைபர்:

வணக்கம் அண்ணா. படகுக்கு ஃபைபர் போடுகிறவன் நான். கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்கட்டும், ஒருவர் வெளியே ஓஸ் பைப்பில் தண்ணீர் அடிக்கட்டும். கீழேயிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும். முதலிலேயே கூரையில் அடித்தால் எந்த மூட்டு ஒழுகுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜன்னல் ஓரம், ஏசி உட்காரும் ஓட்டை, கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, விளக்குக்கு ஒயர் வருகிற துளை, இந்த இடங்களில்தான் வரும். உள்ளே பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கினால் தண்ணீர் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். கடற்கரைக்குப் போய்விட்டு வந்தால் அடிச்சட்டத்தை நல்ல தண்ணீரில் கழுவாமல் நிறுத்தாதீர்கள். உப்புக் காற்று வெல்டிங் மூட்டுகளில்தான் முதலில் கைவைக்கும்.

வியாசர்பாடி ஒயரிங்:

மின்சாரம் என் பக்கம். ஒரு டன் ஏசி ஓடும்போது 5 ஆம்பியர் சுற்றி எடுக்கும். ஆனால் கம்ப்ரசர் தூக்கும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டால் வோல்டேஜ் விழுந்து கம்ப்ரசர் முனகும், பிளக் சூடேறும். குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 16 ஆம்பியர் பிளக் போடுங்கள். ஒயரைச் சுருளாக வைத்துக்கொண்டு ஏசி ஓட்டாதீர்கள், முழுக்க விரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு தேங்கி மேலுறை உருகும்.

தோப்பு என்றதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பம்ப்செட்டுக்கு வருகிற இலவச மின்சாரம் பாசனத்துக்குத்தான். அதிலிருந்து கேரவனுக்கு லைன் இழுக்கக் கூடாது. தோப்பு வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் அதில் எடுங்கள். டிரெய்லருக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கிறதா, எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிந்தவரை வைத்துச் சோதித்துவிட்டு ஏறுங்கள். சுற்றி உலோகத் தகடு, கீழே ரப்பர் டயர். எர்த் இல்லாமல் உள்ளே எங்காவது ஒயர் தகட்டில் உரசிவிட்டால், ஈர மண்ணில் நின்றுகொண்டு கதவைத் தொடுகிறவருக்கு அடிக்கும். முதலில் தொடுவது பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

மணலி ஓட்டுநர்:

தம்பி, இரண்டு விஷயம் விட்டுப்போனது. வண்டி புதுசு என்றாலும் டயர் புதுசா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் இருக்கும். 3421 என்றால் 2021ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். அப்புறம், புதுச் சக்கரத்தின் நட்டுகள் கொஞ்ச தூரம் ஓடியதும் உட்கார்ந்து தளரும். பொன்னேரியில் டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு முறை முறுக்குங்கள், வீடு திரும்பியதும் இன்னொரு முறை. டார்க் ஸ்பேனர் இருந்தால் அதில், பட்டறை சொன்ன அளவுக்கு.

தேரடிக்காரன், திருவொற்றியூர்:

போய்விட்டு வந்துவிட்டோம்! பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் நன்றி. விவரமாகச் சொல்கிறேன், அடுத்து வாங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் எடை. தொட்டியில் 80 லிட்டரும் நிரப்பி, சாமான் ஏற்றி எடைமேடையில் நிறுத்தியபோது 1,010 கிலோ. வீட்டு இயந்திரத்தில் கொண்டி எடை வெறும் 34. நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை. எர்ணாவூர் அண்ணா வந்து பேட்டரியை முன்பக்கப் பெட்டிக்கு மாற்றித் தந்தார். தண்ணீரைத் தொட்டியில் 20 லிட்டராகக் குறைத்தோம். மறுபடி பார்த்தால் 85. மொத்தம் 950க்கு இது 9 சதவீதம், என் வண்டியின் குண்டு தாங்கும் அளவுக்கும் உள்ளேதான். பேட்டரியும் தண்ணீரும் சேர்ந்து 51 கிலோவை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டன என்பதை நம்பவே முடியவில்லை. எண்ணைப் பார்த்துவிட்டு மனைவிதான், இதைப் பார்க்காமலா மலைக்குப் போக இருந்தோம் என்று கேட்டாள்.

சனிக்கிழமை விடியும் முன் கிளம்பினோம். திருவொற்றியூரிலிருந்து மணலி, மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி. கிளம்பியதும் காலிச் சாலையில் 30 வேகத்தில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இழுத்துப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு பிடி இழுத்தது, சக்கரம் பூட்டிக்கொண்டு தேயவில்லை. அந்த அளவிலேயே விட்டுவிட்டேன். ஓரமாக நிற்கிற கன்டெய்னர் வண்டிகள் மீஞ்சூர் வரைக்கும் இருந்தன. 50, 60க்கு மேல் போகவில்லை. எதிரே டிப்பர் லாரி வேகமாக வந்து கடந்தபோது ஸ்டீயரிங்கில் ஒரு சின்னத் தள்ளல் தெரிந்தது, உடனே அடங்கியது. பொன்னேரியில் நட்டுகளை முறுக்கினோம், இரண்டு நட்டு கால் சுற்று வாங்கியது.

தோப்பில் மண் பொலபொலவென்று இருந்தது. ஆக்சிலுக்கு இரு பக்கமும் பலகை போட்டு, கொண்டிப் பக்கம் தாங்கி நிற்கிற சின்ன முன்சக்கரத்தின் அடியிலும் ஒரு துண்டுப் பலகை வைத்தோம். முதலில் சக்கரங்களுக்குக் கட்டை, அப்புறம்தான் வண்டியிலிருந்து கொண்டியைக் கழற்றினோம். கொத்தனாரிடம் கடன் வாங்கிய ரசமட்டத்தைக் கேரவனுக்குள் தரையில் வைத்து, குமிழி நடுவில் வரும் வரைக்கும் முன்பக்கத்தை ஏற்றி இறக்கினோம். நான்கு மூலைக் கால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்குத்தான், வண்டியைத் தூக்குவதற்கு இல்லை என்று பட்டறையில் சொன்னது நினைவிருந்ததால் அவற்றைத் தரையைத் தொடும் அளவோடு நிறுத்திக்கொண்டோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மேல் அலமாரிக் கதவு வழியில் திறந்து, பருப்பு டப்பா கொட்டி, உள்ளே எல்லாம் துவரம்பருப்பு. காந்தம் மட்டும் வைத்திருந்தார்கள், கொக்கி இல்லை. கைகழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் மூட்டு சொட்டியது. ஏசிக்கு அடியில் ஒயர் ஒன்று தளர்ந்திருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் நடந்ததால் இதெல்லாம் பட்டியலாகப் போயிற்று, பட்டறையில் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏலகிரி அடிவாரத்தில் என்றால் விடுமுறையே போயிருக்கும்.

பெரம்பூர் அண்ணாவுக்கு ஒரு செய்தி. ஞாயிறு காலை கேரவனைத் தோப்பிலேயே விட்டுவிட்டுப் பிக்கப்பில் மட்டும் பழவேற்காடு ஊருக்குள் போனோம். அந்தச் சந்துகளில் வேறு எதுவும் நுழைந்திருக்காது. டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூடுகளைப் பிள்ளைகள் விட்டு வர மாட்டேன் என்றார்கள். ஏரிக்கரையில் தூரத்தில் பூநாரைக் கூட்டம் தெரிந்தது. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்து தோப்பில் இறால் தொக்கு வைத்துச் சாப்பிட்டோம்.

பெரம்பூர் டெம்போ:

அதை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஊருக்குள் சுற்ற இது வசதிதான். ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு டிரெய்லர், தினமும் இடம் மாறுகிறவர்களுக்கு வண்டியிலேயே கட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். கழிவறைக் கழிவை என்ன செய்தீர்கள்? அதுதான் யாரும் பேசாத விஷயம்.

தேரடிக்காரன், திருவொற்றியூர்:

என்னுடையது வெளியே உருவி எடுக்கிற பெட்டி, 20 லிட்டர் கொள்ளும். மூடி போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து எங்கள் கழிவறையில் ஊற்றிக் கழுவினோம். தோப்பு வாய்க்காலிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்ற மனம் வராது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் பட்டது போதும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்துத் தென்னை மரத்துக்கு ஊற்றினோம், சோப்பைக் குறைவாகப் போட்டு.

கேஸ் பற்றியும் ஒரு வரி. சிலிண்டர் வால்வை ஓட்டும்போது மூடிவிடுகிறோம். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் கீழே இருக்கிற காற்றுத் துளையைக் கொசுவுக்குப் பயந்து அடைக்காதீர்கள். வலை அடித்துக்கொள்ளுங்கள்.

கொடுங்கையூர் புதுசு:

அண்ணா, இழை முழுக்கப் படித்தேன். நானும் வாங்குகிற யோசனையில் இருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. எங்கள் தெருவில் கார் நிறுத்தவே சண்டை. இதை எங்கே நிறுத்துவது?

எர்ணாவூர் பட்டறை:

தெருவில் வேண்டாம் தம்பி. பக்கத்து வீட்டுக்கும் இடைஞ்சல், ஆம்புலன்ஸ் வந்தால் நகர்த்தவும் முடியாது. மாத வாடகைக்கு யார்டில் இடம் கேட்டுப் பாருங்கள். இடம் பார்க்கும்போது முதலில் மேடா பள்ளமா என்று பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலி பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அக்டோபருக்கு முன்னாலேயே மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். சக்கரத்தின் நடுப்பகுதி ஒரு முறை தண்ணீரில் மூழ்கியிருந்தால், பேரிங்கைக் கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் வைக்காமல் ஒரு கிலோமீட்டர்கூட இழுக்காதீர்கள். நிறுத்தும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள், கொண்டிக்குப் பூட்டு, சக்கரத்துக்குப் பூட்டு இரண்டும் போடுங்கள். வாங்குவதற்கு முன்னால் பட்டறைக்குப் போகும்போது கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வருகிறேன். அடிச்சட்டத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கலாம்.